150 புள்ளிப் பந்து

ஹாரி பாட்டர் கதைகளில் வரும் குவிடிச்சை, ஆட்டங்களை ஆட்டமாகவே ரசிக்கிறவர்கள் எப்படி மதிப்பிட வேண்டும்? மந்திரக்கோலும் பறக்கும் காரும் கதைக்குள் அடங்கிவிடும். குவிடிச் அடங்குவதில்லை. அதற்கு விதிகள் உண்டு, புள்ளிக் கணக்கு உண்டு, கோப்பை உண்டு, தோற்றவர்களின் கண்ணீரும் உண்டு. இவ்வளவும் இருக்கும்போது, கிரிக்கெட்டுக்கும் டென்னிஸுக்கும் நாம் வைக்கும் அளவுகோலையே அதற்கும் வைத்துப் பார்ப்பதுதான் அந்த ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு ஏழு பேர். எல்லோரும் பறக்கும் துடைப்பத்தில். மூன்று சேஸர்கள் குவாஃபிள் என்ற பெரிய பந்தைக் கைமாற்றிக் கொண்டுபோய் எதிரணியின் மூன்று வளையங்களில் ஏதாவது ஒன்றுக்குள் போட்டால் 10 புள்ளி. வளையங்களைக் காக்க ஒரு கீப்பர். பிளட்ஜர் என்ற இரண்டு இரும்புப் பந்துகள் தாமாகவே பறந்துவந்து ஆட்களைத் தாக்கும். மட்டையால் அடித்து அவற்றை எதிரணி பக்கம் விரட்ட இரண்டு பீட்டர்கள். ஏழாவது ஆள் சீக்கர். இந்த அமளி எதிலும் அவருக்குப் பங்கில்லை. சிறகு முளைத்த சின்னஞ்சிறு தங்கப் பந்தான ஸ்னிட்ச்சைத் தேடிப் பிடிப்பது மட்டுமே அவர் வேலை. பிடித்தால் 150 புள்ளி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. பிடிக்கும்வரை முடியாது. மூன்று மாதம் நீண்ட ஆட்டம்கூட உண்டு என்று முதல் புத்தகத்தில் அணித் தலைவன் உட் ஹாரியிடம் சொல்கிறான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிளட்ஜர். எந்த அணிக்கும் சொந்தமில்லாத பகை அது. நிஜ ஆட்டங்களில் அந்த இடத்தைக் காற்றும் மழையும் வெடித்த ஆடுகளமும் எடுத்துக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் கோல்ஃப் ஆடுகிறவருக்குக் கடற்காற்று எப்படியோ, அப்படி. ஜே.கே. ரோலிங் அந்தக் காற்றுக்கு உருவமும் ஆத்திரமும் கொடுத்து, அதை அடித்துத் திருப்ப ஆளையும் நியமித்தார். எதிராளியின் மேல் இயற்கையை ஏவிவிடுகிற ஆட்டக்காரர் வேறெந்த ஆட்டத்திலும் கிடையாது.

இரண்டாவதாக, ஆட்டத்துக்கு அவர் எழுதிய பழைய வரலாறு. 2001-இல் நன்கொடை திரட்டுவதற்காக வெளிவந்த சிறு நூலில், ஒரு சதுப்பு நிலத்தில் குவிடிச் தொடங்கிய கதை, 1473 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 700 வகைத் தவறுகள் அத்தனையும் அரங்கேறிய கதை எல்லாம் உண்டு. ஸ்னிட்ச்சின் பிறப்பும் அங்கேதான் வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய மனிதர் ஆட்டத்தின் நடுவே குட்டிப் பறவையொன்றைப் பறக்கவிட்டு, பிடிப்பவருக்கு 150 பொற்காசு என்கிறார். பின்னாளில் பறவைக்குப் பதில் உலோகப் பந்து வந்தது, காசு புள்ளியானது. ஒரு விதியின் அடியில் மறந்துபோன நிகழ்ச்சியொன்று கிடப்பது நிஜ ஆட்டங்களின் குணம். அந்தக் குணத்தை ரோலிங் நன்றாகப் பிடித்திருக்கிறார்.

ஆனாலும் 150 இடறுகிறது. பதினைந்து கோலுக்குச் சமமான எண் அது. சேஸர்கள் உயிரைக் கொடுத்துப் பன்னிரண்டு கோல் அடித்து முன்னிலையில் இருக்கலாம். எதிரணியின் சீக்கர் கையை நீட்டி ஒரு பந்தைப் பிடித்தால் எல்லாம் கரைந்துவிடும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த யாரிடம் இதைச் சொன்னாலும் முகம் சுளிப்பார்கள். ரோலிங்குக்கும் இது தெரியும். தம் முதல் புத்தகத்தின் முதல் பதிப்புப் பிரதி ஒன்றில் அவர் ஓரக்குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். மான்செஸ்டரில் ஒரு சிறிய ஹோட்டலில், காதலரோடு சண்டை போட்ட கையோடு குவிடிச்சைக் கண்டுபிடித்ததாகவும், அது ஆண்களுக்கு எரிச்சலூட்டுவதில் தமக்குத் திருப்திதான் என்றும் அதில் குறிப்பிட்டார். 2013-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்த அந்தப் பிரதி விலைபோனது 1,50,000 பவுண்டுக்கு.

எரிச்சலின் காரணத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எண்ணைக் குறை சொல்கிறார்கள். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஆட்டம் கெடுவதில்லை. சதுரங்கத்தில் எதிராளியின் ராஜா சிக்கிவிட்டால், அவரிடம் ராணியும் இரண்டு யானையும் மிச்சமிருந்தாலும் ஆட்டம் முடிந்ததுதான். அதை யாரும் அநியாயம் என்பதில்லை. ராஜாவைச் சுற்றி வலை பின்னியது அந்தச் சிப்பாய்களும் குதிரைகளும்தான் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது. குவிடிச்சில் குவாஃபிள் ஆட்டம் ஒரு பக்கம், ஸ்னிட்ச் வேட்டை மறுபக்கம். சேஸர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சீக்கருக்கு ஸ்னிட்ச் ஒரு அங்குலம்கூட அருகே வராது. பீட்டர் அடிக்கும் பிளட்ஜர் எப்போதாவது சீக்கரின் வழியை மறிக்கும், அவ்வளவுதான். ஒரே வானத்தில் இரண்டு ஆட்டங்கள் நடக்கின்றன. நல்ல ஆட்டத்தில் விதிகள் பாவும் ஊடுமாக ஓட வேண்டும். ஓரிடத்தில் இழுத்தால் இன்னோரிடம் அசைய வேண்டும்.

இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் ஆடப்படும் சுவர் ஆட்டத்தைப் பாருங்கள். ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் போலவே அதுவும் பழைய விடுதிப் பள்ளி. அங்கும் உதவித்தொகை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே ஆண்டுக்கொரு பெரிய போட்டி, செயின்ட் ஆண்ட்ரூ திருநாளையொட்டி. சுமார் 110 மீட்டர் நீளச் செங்கல் சுவர்; அதையொட்டி 5 மீட்டர் அகலச் சேற்றுப் பட்டை. அணிக்குப் பத்துப் பேர் சுவரில் ஒட்டிக் குவிந்து, பந்தை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறார்கள். எதிரணியின் கடைசிப் பகுதிக்குள் கொண்டுபோய், பந்தைக் காலால் சுவரோடு தூக்கிக் கையால் தொட்டால் ஒரு புள்ளி. அதைப் பெற்றவருக்கு மட்டுமே கோலுக்கு எறியும் உரிமை. ஒரு முனையில் தோட்டத்துக் கதவு கோல், மறுமுனையில் ஒரு மரம். எறி பட்டால் மேலும் 9 புள்ளி. ஆண்டுப் போட்டியில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909-இல்.

ஒன்றுக்கு ஒன்பது என்ற விகிதம், பத்துக்கு நூற்றைம்பது என்ற விகிதத்தோடு ஒப்பிட்டால் பெரிய தூரத்தில் இல்லை. ஸ்னிட்ச்சைவிட அந்தக் கோல் அரிது. ஆண்டுப் போட்டியில் நூறு ஆண்டுக்கு மேலாக யாருக்கும் வாய்க்கவில்லை. ஆனால் பெரிய பரிசின் வாசல் சின்னப் புள்ளியின் வழியாகத்தான் திறக்கிறது. சேற்றில் கிடந்து பந்தை நகர்த்திய பத்துப் பேரின் உழைப்பு இல்லாமல் யாரும் கதவைப் பார்த்து எறிய முடியாது. குவிடிச்சில் விடுபட்டுப்போனது இந்த வாசல்தான்.

விதிகளின் பின்னலுக்கு எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த உதாரணம் ரியல் டென்னிஸ் எனப்படும் பழைய உள்ளரங்க டென்னிஸ். எட்டாம் ஹென்றி விரும்பி ஆடிய ஆட்டம். லண்டனையொட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் ஆடுகிறார்கள். 1789-இல் பிரெஞ்சு மக்கள் பிரதிநிதிகள் கூடி உறுதிமொழி எடுத்த வெர்சாய் கூடமும் இத்தகைய ஆட்டக்கூடம்தான். நான்கு பக்கமும் சுவர். மூன்று பக்கம் சரிந்த கூரை. ஒரு சுவரிலிருந்து சாய்வாகப் புடைத்து நிற்கும் தூண் ஒன்று. பந்து அதில் பட்டால் எதிர்பாராத கோணத்தில் திரும்பும். சுவர்களில் சில திறப்புகள் உண்டு; அவற்றுள் சிலவற்றில் பந்தைச் செலுத்தினால் உடனே புள்ளி. முதல் பந்தைக் கூரைமேல் உருளவிட்டுத் தொடங்க வேண்டும். பந்துகளைக் கூடத்தின் பயிற்றுநர்களே தக்கை, துணிநாடா, கம்பளித் துணி கொண்டு கையால் தைக்கிறார்கள். வாசிக்கும்போது இது ரோலிங்கின் கற்பனை என்றே தோன்றும்.

அதன் உயிர் சேஸ் என்ற விதியில் இருக்கிறது. இன்றைய டென்னிஸில் பந்து நம் பக்கம் இரண்டாவது முறை தரையில் பட்டால் புள்ளி போய்விடும். ரியல் டென்னிஸில் பெரும்பாலும் அப்படியில்லை. இரண்டாவது துள்ளல் எங்கே விழுந்தது என்பதைத் தரைக்கோடுகளை வைத்து நடுவர் உரக்கச் சொல்வார். புள்ளி யாருக்கும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். இப்படி இரண்டு சேஸ் சேர்ந்ததும், அல்லது ஒருவர் நாற்பதை எட்டிய நிலையில் ஒன்று விழுந்ததும், இருவரும் பக்கம் மாறுவார்கள். முன்பு பந்தைத் திருப்பத் தவறியவருக்கு இப்போது வாய்ப்பு. அவர் அடிக்கும் பந்தின் இரண்டாவது துள்ளல், முன்பு குறித்த இடத்தைவிடப் பின்சுவருக்கு நெருக்கமாக விழ வேண்டும். விழுந்தால் புள்ளி அவருக்கு.

இதனால் என்னவெல்லாம் நடக்கிறது! எதிரில் நிற்பவர், வருகிற பந்தை அடிக்க வேண்டுமா விட வேண்டுமா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்கிறார். இது குறியைத் தாண்டாது என்று பட்டால் கையைக் கட்டிக்கொண்டு விட்டுவிடலாம். பந்தைத் தொடாமலே புள்ளி எடுப்பது அங்கே ஒரு வித்தை. சர்வ் போடுவது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து என்பதால், அந்தப் பக்கத்துக்கு வருவதற்கே சேஸ் தேவை. ஐந்து நிமிடத்துக்கு முன் விட்ட ஒரு பந்தின் துள்ளல், இப்போது அடிக்கப்போகும் அடியின் கனத்தை முடிவுசெய்கிறது. இந்த ஒரு விதிக்காகவே அந்த ஆட்டத்தை உலகின் மிக நுட்பமான ஆட்டங்களின் வரிசையில் வைப்பேன். ஒரு மேதை உட்கார்ந்து யோசித்தாலும் இதை ஒரே நாளில் உருவாக்கியிருக்க முடியாது. ஆடி ஆடி விளைந்தது அது.

ஆட்டக்காரரின் தந்திரத்துக்கு விதி பதில் சொல்வதும், அந்த விதிக்கு அடுத்த தந்திரம் முளைப்பதும்தான் நிஜ ஆட்டங்களின் வரலாறு. கிரிக்கெட்டின் எல்பிடபிள்யூ விதி 1774-இல் நுழைந்தது, விக்கெட்டைக் காலால் மறைக்கும் ஆட்டக்காரர்களுக்கு எதிராக. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்தைக் காலுறையால் பத்திரமாகத் தடுத்து நாளை ஓட்டும் பழக்கம் பெருகியதும், 1930-களில் அப்படிக் குத்தும் பந்துக்கும் விதியை நீட்டினார்கள். மட்டையைச் சும்மா உயர்த்திக்கொண்டு காலை முன்னே நீட்டுவது பெருகியபோது, ஆட முயலாதவருக்கென்று இன்னொரு பிரிவு வந்தது. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்து மட்டும் இன்றுவரை விதிவிலக்கு. அதையும் சேர்த்திருந்தால், பந்துவீச்சாளர்கள் ஆட்டக்காரரின் கண்மறைவுப் பக்கமே குத்திக்கொண்டிருப்பார்கள், அழகான அடிகள் பாதி செத்திருக்கும். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடியாத விதி அது. அதன் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு காரணம் உண்டு.

1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், பின்னலின் முழு வடிவத்தைக் காட்டியது. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 7 விக்கெட்டுக்கு 574. வெயிலிலும் புழுக்கத்திலும் வாந்தியெடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் 210 அடித்தார். இந்தியா 397, அதில் கபில் தேவ் 119. இரண்டாவது இன்னிங்ஸில் 5 விக்கெட்டுக்கு 170 எடுத்திருந்தபோது ஆஸ்திரேலியத் தலைவர் ஆலன் பார்டர் டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 எடுத்துப் பாருங்கள் என்று இந்தியாவை அழைத்தார்.

டிக்ளேர் என்ற அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையில் விக்கெட் இருக்கிறது, இன்னும் ரன் எடுக்கலாம். வேண்டாம் என்று தலைவர் உதறுகிறார், அந்த ரன்களைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறார். அதிகம் கொடுத்தால் தோல்வி, குறைவாகக் கொடுத்தால் டிரா. ஐந்து நாள் என்ற எல்லை இல்லாவிட்டால் இந்தப் பேரத்துக்கே இடமில்லை.

கடைசி ஓவரை கிரெக் மேத்யூஸ் வீசினார். இந்தியாவுக்குத் தேவை 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று எடுத்து எண்ணிக்கையைச் சமன் செய்துவிட்டு எதிர்முனைக்குப் போனார். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. மேலே சொன்ன அதே விதி. இரு அணிகளும் ஆளுக்கு 744 ரன். அதுவரையிலான டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. முதல் நாள் காலையில் யாரோ சோம்பலாகத் தட்டி எடுத்த ஒற்றை ரன்னுக்கும், ஐந்தாம் நாள் மாலையில் சாஸ்திரி எடுத்த ரன்னுக்கும் ஒரே எடை. அந்த டெஸ்டில் எதுவும் வீணாகவில்லை. குவாஃபிளை வளையத்துக்குள் போடும் சேஸருக்கு இந்த உத்தரவாதம் கிடையாது.

எல்லையே இல்லாத ஆட்டத்தைக் கிரிக்கெட்டும் ஆடிப் பார்த்திருக்கிறது. முடிவு தெரியும்வரை ஆடுவது என்ற ஏற்பாட்டில், 1939 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவும் இங்கிலாந்தும் டர்பனில் இறங்கின. மார்ச் 3-ஆம் தேதி தொடங்கியது 14-ஆம் தேதிவரை ஓடியது. 696 என்ற இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தது. ஊர் திரும்பும் கப்பல் கேப் டவுனில் காத்திருந்ததால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். டிரா. நேரத்துக்கு மதிப்பில்லை என்றால் துணிவுக்கும் மதிப்பில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லையற்ற டெஸ்ட் ஆடப்படவில்லை. குவிடிச்சின் மூன்று மாத ஆட்டம் கேட்பதற்கு இனிக்கிறது. அதை உட்கார்ந்து பார்ப்பது டர்பனைவிடக் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரே அடியில் ஆட்டத்தை முடிக்கும் ஆசை கால்பந்துக்கும் வந்தது. 1990-களில் கூடுதல் நேரத்துக்குத் தங்க கோல் என்ற விதியைக் கொண்டுவந்தார்கள்; முதலில் கோல் போடும் அணிக்கு வெற்றி, அத்தோடு ஆட்டம் முடிந்தது. 1996 ஐரோப்பியக் கோப்பையை ஜெர்மனிக்கும் 2000 கோப்பையை பிரான்சுக்கும் கொடுத்தது அந்த விதிதான். அணிகள் தாக்கி ஆடும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு தவறு போதும் என்ற பயத்தில் அணிகள் பின்வாங்கி நின்றன. 2004-க்குப் பிறகு விதியைக் கைவிட்டார்கள்.

குவிடிச்சுக்கும் நிஜ மைதானத்தில் இந்தச் சோதனை நடந்தது. 2005-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மிடில்பரி கல்லூரி மாணவர்கள் கால்களுக்கு இடையே துடைப்பத்தை வைத்துக்கொண்டு அதை ஆடத் தொடங்கினார்கள். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. ஸ்னிட்ச் அங்கே ஒரு நடுநிலை ஓட்டக்காரர். டென்னிஸ் பந்து வைத்த காலுறை அவர் இடுப்பில் வால்போலத் தொங்கும், அதைப் பறிக்க வேண்டும். அந்த மாணவர்கள் செய்த முக்கியமான திருத்தம், 150-ஐ 30 ஆக்கியது. இன்னொன்று அதைவிட நுட்பமானது. பிளட்ஜர் பட்டவர் துடைப்பத்திலிருந்து இறங்கி, தம் அணியின் வளையத்தைத் தொட்டுவிட்டுத்தான் மறுபடி ஆடலாம். இந்த ஒரு விதியால் பீட்டரின் எறி சேஸரின் கோலோடு இணைந்தது. பிளட்ஜரைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு மைதானமே வசப்பட்டது. பிரிந்து கிடந்த இழைகளை ஆட்டக்காரர்கள் தாமாகவே முடிந்தார்கள். அந்த ஆட்டம் 2022-இல் குவாட்பால் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

அப்படியானால் ரோலிங் தோற்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு ஆட்டங்களும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் அவர் கதையிலேயே இருக்கின்றன. நான்காவது புத்தகத்தின் உலகக் கோப்பை இறுதியில் பல்கேரியா 10, அயர்லாந்து 170. எட்டிப் பிடிக்க வழியில்லை என்று கண்ட பல்கேரியச் சீக்கர் விக்டர் கிரம், ஸ்னிட்ச்சைப் பிடித்து ஆட்டத்தை முடித்துவிடுகிறான். 170-க்கு 160, அயர்லாந்து வெற்றி. தோல்வியின் அளவைத் தானே தேர்ந்தெடுக்கிறான் அந்தச் சீக்கர். தலைவர் செய்யும் டிக்ளேருக்கு மிக நெருக்கமாக வரும் செயல் அது.

அதைவிட உயர்ந்தது 1999-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில். பள்ளிக் கோப்பை, எல்லா ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டித் தரப்படுவது. கடைசி ஆட்டத்துக்கு வரும்போது எதிரணியான ஸ்லிதரின் 200 புள்ளி முன்னால் இருக்கிறது. ஆகவே ஹாரியின் அணியான கிரிஃபிண்டார் 50 புள்ளிக்கு மேல் முன்னேறிய பிறகே சீக்கரான அவன் ஸ்னிட்ச்சைத் தொடலாம். அதற்கு முன் பிடித்தால் ஆட்டத்தை வென்று கோப்பையை இழப்பார்கள். நடுவே ஸ்னிட்ச் கண்ணில் படுகிறது. ஹாரி அதைப் பிடிக்கக் கூடாது, எதிரணி மால்ஃபாயைப் பிடிக்க விடவும் கூடாது. வேறு திசையில் எதையோ கண்டதுபோலப் பாய்ந்து அவனைத் திசை திருப்புகிறான். இப்போது சேஸர்கள் போடும் ஒவ்வொரு கோலும் சீக்கரின் கையைக் கட்டியிருக்கும் கயிற்றை ஒரு பிரி அறுக்கிறது. எண்பதுக்கு இருபது ஆனதும் கை விடுபடுகிறது. ரியல் டென்னிஸில் பந்தைத் தொடாமல் விடுபவரின் நிதானமும், சேப்பாக்கத்தில் ஒவ்வொரு ரன்னுக்கும் இருந்த எடையும் அந்த அத்தியாயத்தில் சேர்ந்து கிடைக்கின்றன.

ஒற்றை ஆட்டமாகப் பார்த்தால் குவிடிச் அரைகுறை. தொடர் போட்டியாகப் பார்த்தால் அது தேர்ந்த ஆட்டம். இதுதான் என் முடிவு. திரைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு குவிடிச்சை ஒதுக்கியவர்கள் மூன்றாவது புத்தகத்தின் அந்த இறுதியாட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். 230-க்கு 20 என்று முடியும் அந்த ஆட்டம் படத்தில் இடம்பெறவே இல்லை.